காருக்கு பாலிஷ்: கையால் தேய்ப்பதா, மெஷினா? பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் 40 மைக்ரான் கணக்கு

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில், எல்லாக் கையெழுத்தும் முடிந்த பிறகு ஷோரூமில் வரும் கேள்வி: "சார், பெயின்ட் புரொடக்ஷன் பேக்கேஜும் சேர்த்துப் போட்டுடலாமா?" முதல் சர்வீஸுக்கு விட்டால், "ரப்பிங் பாலிஷ் பண்ணிடட்டுமா மேடம்?" என்பார்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினமும் கார் துடைக்கும் அண்ணன், தனியாக ஏதாவது கொடுத்தால் வாக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்வார். ஆன்லைனில் தேடினால், சில ஆயிரம் ரூபாய்க்கு பாலிஷிங் மெஷினே வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

எல்லாரும் விற்பது ஒன்றைத்தான்: பளபளப்பு. ஆனால், அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது, அதற்காக காரிலிருந்து எதை எடுக்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கையால் தேய்ப்பது நல்லதா, மெஷின் நல்லதா என்ற கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

சுருக்கமாக

- பாலிஷ் என்பது பூச்சு அல்ல. பெயின்ட்டின் மேலடுக்கை மிக மெல்லியதாகச் சீவி எடுப்பது.
- வாக்ஸ், கோட்டிங் பூசுவதற்குக் கை போதும். கீறலை உண்மையிலேயே நீக்க மெஷின் வேண்டும்.
- எல்லா மெஷினும் ஒன்றல்ல. 'ரோட்டரி' வேறு, 'டூயல் ஆக்ஷன்' வேறு.
- ஒவ்வொரு சர்வீஸிலும் 'ஃப்ரீ பாலிஷ்' என்பது லாபம் இல்லை; பல நேரங்களில் நஷ்டம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு செஸ் நீக்கப்பட்டு, ஒரே விகிதமாக 40 சதவீதம் வந்தது. விலை குறைந்ததால், முதல் கார் வாங்கும் இளம் குடும்பங்களின் கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சமானது. அந்த மிச்சப் பணத்தைக் குறிவைத்துத்தான் கோட்டிங், ஃபிலிம், பாலிஷ் பேக்கேஜ்கள் டெலிவரி மேஜையிலேயே முன்வைக்கப்படுகின்றன. சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரிலும் இன்று 'கார் டீட்டெய்லிங் ஸ்டூடியோ' என்ற போர்டைப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம், மறுவிற்பனை. பழைய கார் வாங்கும் நிறுவனங்கள் இப்போது பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சிறிய கருவியைக் கையோடு கொண்டு வருகின்றன. எந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பது அந்தக் கருவியில் தெரிந்துவிடும். ஃபேக்டரி பெயின்ட் அப்படியே இருக்கும் காருக்கு மதிப்பு அதிகம். பாலிஷில் பெயின்ட்டைக் கெடுத்துவிட்டு, பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும் ரீபெயின்ட் அடித்தால், விற்கும் நேரத்தில் கேள்வி வரும், விலையும் இறங்கும்.

முதலில் பெயின்ட்டைப் பார்ப்போம்

காரின் நிறம் ஒரே அடுக்கு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் மூலம் ஒட்டவைக்கப்படும் 'இ-கோட்', அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் 'பேஸ் கோட்', கடைசியாகக் கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. இத்தனையும் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சராசரியாக 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் காரை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பது ஒரு முடியைவிட மெல்லிய படலம்!

இந்தப் படலத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பளபளப்பு. இரண்டாவது, அதைவிட முக்கியம்: சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் இதில்தான் கலக்கப்பட்டிருக்கின்றன. கிளியர் கோட் மெலிந்தால் பாதுகாப்பும் மெலியும். சில ஆண்டுகள் வெயிலில் நின்ற கார்களின் கூரையிலும் பானட்டிலும் வெள்ளையாகத் தோல் உரிவதுபோலத் தெரியுமே, அது கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம். அந்த நிலைக்கு வந்த பிறகு கையும் உதவாது, மெஷினும் உதவாது. ரீபெயின்ட் ஒன்றுதான் வழி.

அப்பா, தாத்தா காலத்து அம்பாசடர், பிரீமியர் பத்மினிகளில் கதை வேறு. பழைய கார்களில் பெரும்பாலும் கிளியர் கோட் என்ற தனி அடுக்கே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்ட்டில். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஒட்டும். மங்கிய மேல்பகுதி போய், கீழே இருக்கும் புது நிறம் வெளியே வரும். 'நல்லா அழுத்தித் தேய்ச்சாதான் ஷைனிங்' என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து வந்தது. பெயின்ட் மாறிவிட்டது, நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

வட்ட வட்டமாகத் தெரிவது என்ன?

கறுப்பு காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். இதைத்தான் 'ஸ்வர்ல் மார்க்' என்கிறார்கள். 'வட்டமாகத் துடைத்ததால் வந்தது' என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருக்கும் கீறல்கள்தான் அதிகமாக மின்னும். அதனால், வெளிச்சப் புள்ளியைச் சுற்றி அவை வட்டமாக அமைந்திருப்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றும்.

இந்தக் கீறலைப் போடுவது யார்? பெரும்பாலும் தூசிதான். தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள்களில் முக்கியமானது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஏறத்தாழ 5.5தான். கிளியர் கோட்டோ ஒரு வகை பிளாஸ்டிக் படலம். தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பது, மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கட்டட வேலை நடக்கும் ஏரியா என்றால் கேட்கவே வேண்டாம்.

பாலிஷ் உண்மையில் என்ன செய்கிறது?

கீறல் என்பது ஒரு சின்னப் பள்ளம். அதன் சுவர்களில் ஒளி சிதறுவதால் அது கண்ணுக்குத் தெரிகிறது. பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைச் சீவி, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பாலிஷ் கிரீமில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

இங்கே கடைகளில் குழப்பும் சில பெயர்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

- ரப்பிங் காம்பவுண்ட்: சொரசொரப்பு அதிகம். ஆழமான கீறலுக்கு. அதிகம் சீவும்.
- பாலிஷ்: நுண்ணிய துகள்கள். காம்பவுண்ட் விட்ட மங்கலை நீக்கி மெருகேற்றும்.
- கிளேஸ்: எண்ணெய்ப் பொருட்களால் கீறலைத் தற்காலிகமாக மறைக்கும். சில வாஷில் போய்விடும்.
- வாக்ஸ், சீலன்ட், செராமிக்: இவை எதையும் சீவாது. மேலே படியும் பாதுகாப்புப் பூச்சு. வாக்ஸில் பிரபலமான கார்னவ்பா, பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து கிடைப்பது.

'பாலிஷ் போட்டோம்' என்று சொல்லும் கடை இதில் எதைப் போட்டது என்று கேட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

கையால் தேய்த்தால்…

கையின் பலம், கட்டுப்பாடு. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் பட்ட கீறல், கண்ணாடிக் கவரின் வளைவு, நம்பர் பிளேட் சுற்றிய இடம், பாடியில் கூர்மையாக ஓடும் கோடு ஆகிய இடங்களில் மெஷினின் வட்டத் தட்டு நுழையாது, நுழைந்தால் ஆபத்து. ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே கைதான் ராஜா. சூடு ஏறாது, மின்சாரம் வேண்டாம், முதலீடு ஒரு ஃபோம் அப்ளிகேட்டரும் நல்ல மைக்ரோஃபைபர் துணியும் மட்டுமே.

பலவீனம், வேகம். ஒரு ஆள் நொடிக்கு இரண்டு முறை கையை அசைத்தால், நிமிடத்துக்கு 120 அசைவு. நிமிடத்துக்கு 4,800 சுற்று அதிரும் டூயல் ஆக்ஷன் மெஷின், நொடிக்கு 80 சுற்று. அதாவது, கையைப்போல 40 மடங்கு. ஒரு முழு பானட்டில் இருக்கும் ஸ்வர்லைக் கையால் எடுப்பது முடியாத காரியம் என்றில்லை. ஆனால், நாள் முழுக்கத் தேய்த்து தோள்பட்டை வலிதான் மிச்சமாகும்.

இரண்டாவது பிரச்னை, அழுத்தம். விரல் நுனி படும் இடத்தில் அழுத்தம் அதிகம், விரல்களுக்கு இடையில் குறைவு. அதனால் ஒரே சீராக வெட்டாது. அதிலும் சில பாலிஷ்களின் துகள்கள், தேயத் தேயப் பொடியாகி நுண்ணியதாக மாறும்படி தயாரிக்கப்பட்டவை. கையின் வேகத்தில் அவை முழுதாகப் பொடியாகாது. பாதியில் விட்டால், பழைய கீறல் போகும். புதிதாக ஒரு மங்கல் வரும்.

'கையால் செய்தால் பாதுகாப்பு' என்ற நம்பிக்கையும் முழு உண்மை அல்ல. தரையில் விழுந்த துணியை எடுத்து, காரைக் கழுவாமல், கடின காம்பவுண்டைக் கையால் தேய்த்தாலும் பெயின்ட் கெடும்தான்.

மெஷின் என்றால் எந்த மெஷின்?

'மெஷின் போட்டா பெயின்ட்டே போயிடும்' என்ற பயம் வந்ததற்கு ரோட்டரி மெஷின்தான் முக்கியக் காரணம். இதில் தட்டு ஒரே அச்சில் சுழலும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால், அந்த இடத்தில் உராய்வு குவியும், சூடு ஏறும். சில நொடிகளில் கிளியர் கோட் கருகவோ, ஓரத்தில் அடியிலிருக்கும் பிரைமர் தெரியும் அளவுக்குத் தேயவோ வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் பம்பர் இரும்பைப்போல சூட்டைக் கடத்தாது என்பதால் அங்கே ரிஸ்க் இன்னும் அதிகம். அனுபவம் இல்லாத கையில் ரோட்டரி 'ஹாலோகிராம்' எனப்படும் அலை அலையான தடத்தையும் விடும். கடையின் நிழலில் அது தெரியாது. மறுநாள் வெயிலில்தான் பல்லிளிக்கும்.

டூயல் ஆக்ஷன் மெஷினில் தட்டு சுழலும்; கூடவே, அதன் மையமே ஒரு சிறு வட்டத்தில் அதிர்ந்தபடி நகரும். அந்த வட்டத்தின் விட்டம் 8, 15, 21 மில்லிமீட்டர் என மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரே புள்ளி தொடர்ந்து தேயாததால் சூடு பரவிவிடும். பெரும்பாலான மாடல்களில் ரொம்ப அழுத்தினால் சுழற்சியே நின்றுவிடும். அதிர்வு மட்டும் இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது இயற்கையான பிரேக். அதனால்தான் வீட்டு உபயோகத்துக்கு இந்த வகையைப் பரிந்துரைக்கிறார்கள்.

அதற்காக ரோட்டரி கெட்டது என்று அர்த்தமில்லை. ஆழமான கீறலை வேகமாக எடுக்க, குறுகிய இடத்தில் வேலை செய்ய, தேர்ந்த கைகள் இன்றும் அதைத்தான் எடுக்கின்றன. மெஷினைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் முக்கியம். அதேபோல, மெஷின் ஒன்றாக இருந்தாலும் அதில் மாட்டும் பேட் முடிவை மாற்றும். கம்பளி பேட் அதிகம் வெட்டும். கடினமான ஃபோம் நடுத்தரம். மென்மையான ஃபோம் கடைசி மெருகுக்கு.

40 மைக்ரான் பேங்க் அக்கவுன்ட்

பிரச்னையின் மையம் இங்கேதான் இருக்கிறது. கிளியர் கோட் என்பது டெபாசிட் செய்ய முடியாத பேங்க் அக்கவுன்ட். ஃபேக்டரியில் ஒரே ஒருமுறை பணம் போடுவார்கள். அதன் பிறகு எடுப்பது மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளியர் கோட் 40 மைக்ரான். வெயிலைத் தாங்கும் திறன் குறையாமல் இருக்க, மேலே கால் பங்கு, அதாவது 10 மைக்ரான் வரைதான் காரின் ஆயுள் முழுக்கச் செலவழிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மென்மையான ஃபோமும் நுண்ணிய பாலிஷும் போட்டு ஒருமுறை மெருகேற்றினால் 1 மைக்ரான் போகிறது என்றால், பத்து முறை செய்யலாம். கம்பளி பேடில் கடின காம்பவுண்ட் போட்டு ஒருமுறைக்கு 3 மைக்ரான் எடுத்தால், மூன்றே முறையில் அக்கவுன்ட் காலி.

இப்போது 'ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் ரப்பிங் பாலிஷ் இலவசம்' என்ற பேக்கேஜை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டில் பத்து முறை. சர்வீஸ் நாளின் அவசரத்தில், எந்த பேட், எந்த கிரீம் என்று கேட்க ஆளில்லாத நிலையில், பத்து முறையும் மென்மையாகவே செய்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? கார் லோன் முடியும் நேரத்தில், கூரையில் தோல் உரியத் தொடங்கினால், அதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எத்தனை முறை பாலிஷ் போடலாம்? காலண்டரைப் பார்த்துப் போடக் கூடாது. காரைப் பார்த்துப் போட வேண்டும். கீறல் கண்ணை உறுத்தும்போது மட்டும், தேவையான இடத்துக்கு மட்டும், முடிந்தவரை மென்மையான பாலிஷில் தொடங்குவது நல்லது. மற்ற நேரங்களில் வாக்ஸ் அல்லது சீலன்ட் போதும். அவை எதையும் சீவுவதில்லை.

'9ஹெச் செராமிக்' வாங்கினால் கீறலே விழாதா?

விழும். விளம்பரங்களில் வரும் 9ஹெச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. மென்மையான பென்சிலிலிருந்து 9ஹெச் வரை ஒவ்வொன்றாக அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் படலத்தைக் கீறுகிறது என்று பார்ப்பார்கள். இது வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7 என்று சொல்லும் மோஸ் அளவுகோல் அல்ல. இரண்டையும் குழப்பி, 'வைரத்துக்கு அடுத்த கடினம்' என்று யாராவது சொன்னால், அது தவறான விளம்பரம்.

கோட்டிங்கால் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு லேசில் ஒட்டாது, பறவை எச்சத்தைக் கழுவ நேரம் கிடைக்கும். ஆனால், கல் தெறித்து விழும் காயத்தையோ, சாவிக் கீறலையோ அந்த மெல்லிய படலம் தடுக்காது. அதற்கு 'பிபிஎஃப்' என்ற தடித்த ஃபிலிம் வேண்டும். செலவு பல மடங்கு.

இன்னொரு விஷயம்: கோட்டிங் போடுவதற்கு முன் கீறலை எடுக்காவிட்டால், கீறல் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். அதனால் கோட்டிங் பேக்கேஜின் பெரிய பகுதி வேலை, அதற்கு முன் நடக்கும் மெஷின் பாலிஷ்தான். ஷோரூமிலிருந்து நேராக வந்த புது காருக்குக் கடின காம்பவுண்ட் எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நகரம் பட்ட பாடு மறந்திருக்காது. தண்ணீர் இல்லாதபோது முதலில் நிற்பது கார் வாஷ். அதன் இடத்தில் வருவது காய்ந்த துணி. காய்ந்த துணியில் வருவது ஸ்வர்ல். ஸ்வர்லை எடுக்க பாலிஷ். பாலிஷில் கிளியர் கோட் போகிறது.

போர்வெல் தண்ணீரும் தன் பங்குக்குத் தொல்லை தரும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல பகுதிகளின் போர்வெல் இதைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டால், வெள்ளைப் புள்ளிகள் படியும். பாலிஷ் போட ஓடுவதற்கு முன், வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, நிழலில், லேசாக ஒற்றிக் கழுவிப் பார்க்கலாம். புதிதாகப் படிந்த சுண்ணாம்புப் புள்ளி அதிலேயே கரையும். நாள்பட்டு பெயின்ட்டை அரித்த புள்ளிக்கு மட்டும்தான் பாலிஷ் தேவைப்படும்.

குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 15 நிமிடம் விட்டால் 150 லிட்டர். இதற்கு மாற்றாக 'ரின்ஸ்லெஸ் வாஷ்' திரவத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, பல துணிகளை நனைத்து, ஒரு பக்கம் அழுக்கானதும் மறுபக்கம் திருப்பித் துடைக்கும் முறை இப்போது பரவி வருகிறது. தூசியை அந்தத் திரவம் வழுக்கச் செய்வதால் கீறல் குறையும், தண்ணீரும் மிச்சம்.

கழுவுபவர்களின் கணக்கு

கீறல் விழுந்ததும் முதல் பழி, பார்க்கிங்கில் கார் துடைப்பவர் மேல் விழும். அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். அலுவலகம் கிளம்புவதற்குள் எல்லாக் காரையும் முடித்தாக வேண்டும். ஒரே பக்கெட், ஒன்றிரண்டு துணி. ஒரு காருக்கு மாதம் கொடுக்கும் சில நூறு ரூபாயில் மைக்ரோஃபைபரும் ஷாம்பூவும் அடங்காது. முந்தைய காரின் மணல், அடுத்த காரில் கீறலாக வருகிறது. இதற்குத் தீர்வு ஆளை மாற்றுவது அல்ல. உங்கள் காருக்கென்று இரண்டு துணியும் ஒரு பக்கெட்டும் தனியாக வாங்கிக் கொடுப்பது, தினமும் துடைக்கச் சொல்லாமல் வாரம் இருமுறை தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வது. ஒரு பாலிஷ் செலவில் பல மாதத் துணி வாங்கிவிடலாம்.

டீட்டெய்லிங் கடைகளில் மெஷின் பிடிக்கும் இளைஞர்களின் நிலையும் யோசிக்க வேண்டியது. நாள் முழுக்க அதிர்வு, இரைச்சல், காய்ந்த காம்பவுண்டின் தூசி. கண்ணாடி, மாஸ்க், கையுறை, நடுவில் ஓய்வு என்பது ஆடம்பரம் இல்லை, அடிப்படை. அதிரும் கருவிகளை நீண்ட காலம் பிடிப்பவர்களுக்குக் கை மரத்துப்போகும் பாதிப்பு வரலாம் என்பது தொழில்சார் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். கையால் தேய்க்கும் வேலை உடம்பை வாட்டியது. மெஷின் வேறு விதமாக வாட்டுகிறது. ஆனால், மெஷின் வேலைக்குத் தனித்திறன் வேண்டும். பெயின்ட்டை அளந்து, பேட் தேர்ந்து, சோதித்துப் பார்த்து வேலை செய்யத் தெரிந்தவருக்கும், அவசரத்தில் ரோட்டரியைக் கையில் திணிக்கப்பட்ட புதுப் பையனுக்கும் ஒரே சம்பளம் என்றால், இழப்பு கார் உரிமையாளருக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் காருக்கு எது?

- புது கார், ஆறு மாதத்துக்குள்: கழுவி, கையால் வாக்ஸ் அல்லது சீலன்ட். பாலிஷ் தேவையில்லை.
- கைப்பிடிக் குழியில் நகக்கீறல், சிறு உரசல்: கையால், நுண்ணிய பாலிஷ்.
- கார் முழுக்க ஸ்வர்ல், கறுப்பு அல்லது அடர்நிறம்: டூயல் ஆக்ஷன் மெஷின், மென்மையான பேடில் தொடங்கி.
- விரல் நகத்தால் தடவினால் நகம் மாட்டும் கீறல்: எந்த பாலிஷும் முழுதாக எடுக்காது. டச்-அப் அல்லது அந்தப் பேனலுக்கு ரீபெயின்ட்.
- தோல் உரியும் கிளியர் கோட்: பாலிஷ் செலவு வீண்.
- வெள்ளை, வெள்ளி நிற கார்: ஸ்வர்ல் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. அவசரம் வேண்டாம்.

வீட்டிலேயே மெஷின் எடுக்க ஆசையா? நிழலில், பானட் ஆறிய பிறகு, நன்றாகக் கழுவிய காரில் மட்டும் செய்யுங்கள். ரப்பர், பிளாஸ்டிக், கூர்மையான ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சோதனை செய்து, முடிவு பிடித்தால் மட்டும் தொடருங்கள். தட்டு பெயின்ட்டைத் தொட்ட பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். இல்லாவிட்டால் கிரீம் சுவரெல்லாம் தெறிக்கும். மெஷினை மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக நகர்த்த வேண்டும். ஈரத் தரையில் நின்று மின்கருவி பிடிப்பது கூடவே கூடாது.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பெயின்ட் தடிமனை அளப்பீர்களா? அளவை எழுதித் தருவீர்களா?
2. ரோட்டரியா, டூயல் ஆக்ஷனா? எந்த பேட், எந்த பாலிஷ்?
3. முதலில் ஒரு சிறு இடத்தில் செய்து காட்ட முடியுமா?
4. முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்துக் காட்டுவீர்களா? எண்ணெயால் மறைத்த கீறல் என்றால், அதில் திரும்பத் தெரிந்துவிடும்.
5. காரை வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வேன், சரியா?

முதல் கேள்விக்கு ஒரு சின்ன விளக்கம். சாதாரண அளவுக் கருவி காந்த விசை, மின்தூண்டல் அடிப்படையில் இரும்பு, அலுமினியத் தகட்டின் மேல் மட்டுமே வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் அளவு காட்டாது. அது காட்டும் எண்ணும் எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தம்தான். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. இருந்தாலும், பாலிஷுக்கு முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியும். ஒரு பேனலில் மட்டும் எண் அசாதாரணமாக அதிகம் என்றால், அது ஏற்கெனவே ரீபெயின்ட் ஆனதாக இருக்கலாம்.

கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

காரை விடும்போதே வெயிலில் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். என்ன வேலை, என்ன பொருள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பெயின்ட் கருகியோ, தடம் விழுந்தோ வந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு என்று கோரலாம். முதலில் எழுத்துமூலம் கடைக்குப் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். 'கீறலே விழாது' என்று எழுத்தில் வாக்குறுதி கொடுத்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக…

கையா, மெஷினா என்பது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய போட்டி அல்ல. பூசுவதற்குக் கை, சீவுவதற்கு மெஷின், ஓரங்களுக்கு மறுபடி கை. நல்ல கடைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. உரிமையாளர் முடிவு செய்ய வேண்டியது வேறு: இப்போது சீவித்தான் ஆக வேண்டுமா? கார் பத்து ஆண்டு ஓட வேண்டும், விற்கும்போதும் விலை நிற்க வேண்டும் என்றால், பெரும்பாலான மாதங்களில் அதற்கான பதில் 'வேண்டாம், சுத்தமாகக் கழுவினால் போதும்' என்பதுதான்.